வெள்ளிச் செருப்புக்கு உரை எழுதியவர்

பிற்பகல் முதல் பாடவேளை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த அறுபது மாணவிகளுக்கு இரட்டை உலோகப் பணமுறையை விளக்குவது லேசான வேலை இல்லை. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே அரசு ஒரு விகிதத்தை வைக்கும், சந்தை வேறொரு விகிதத்தைச் சொல்லும், மலிவான உலோகம் புழக்கத்தில் நிற்க, மதிப்புக் கூடிய உலோகம் பெட்டிக்குள் போய்விடும் என்று சூத்திரமாகச் சொன்னால் நாலாவது நிமிடம் கண் சொருகிவிடும். அதனால் 18 வருடமாக இந்தப் பாடத்தை ஒரு கதையோடுதான் ஆரம்பித்துவந்தேன். சூறாவளி வீட்டோடு தூக்கிக்கொண்டு போன ஒரு சிறுமியின் கதை. கதையை ஆரம்பித்ததும் கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்காரும். அந்தச் சந்தோஷம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கான்சாஸ் டோரத்தி, அவளுடைய நாய் டோட்டோ, மூளை கேட்கும் சோளக்கொல்லை பொம்மை, இதயம் கேட்கும் தகர மரவெட்டி, தைரியம் கேட்கும் சிங்கம், மஞ்சள் செங்கல் சாலை, அதன் முடிவில் மரகத நகரம், அதற்குள் ஓஸ் என்ற மாயாவி. எல். ஃபிராங்க் பாம் எழுதி 1900இல் சிகாகோவில் வெளியான ‘ஓஸின் அற்புத மாயாவி’ என்ற புத்தகம். இதை நான் வகுப்பில் இப்படி அவிழ்ப்பேன்: பொம்மை என்பது தனக்கு மூளை இல்லை என்று மற்றவர்கள் சொன்னதை நம்பிவிட்ட விவசாயி. துருப்பிடித்து நிற்கும் தகர மனிதன், இயந்திரமாகிப்போன ஆலைத் தொழிலாளி. கர்ஜனை பெரிதாகவும் காரியம் சிறிதாகவும் இருக்கும் சிங்கம், வெள்ளி நாணயத்துக்காக வாதாடி, 1896இலும் 1900இலும் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மஞ்சள் சாலை தங்கத் திட்டம், அதாவது பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு மட்டும் கட்டிவைக்கும் முறை. டோரத்தியின் காலில் இருப்பது வெள்ளிச் செருப்பு. படம் பார்த்தவர்கள் சிவப்புச் செருப்பு என்பார்கள். 1939இல் கலர் படம் எடுத்தபோதுதான் அது மாணிக்கச் செருப்பானது, புத்தகத்தில் அது வெள்ளிதான். தங்கச் சாலையில் வெள்ளி நடக்கிறது, இரட்டை உலோகம். ஓஸ் என்ற பெயரையே பாருங்கள், அவுன்ஸுக்கு நாம் போடும் சுருக்கக் குறி அதேதான்.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம், மரகத நகரத்துக் கடைத்தெரு. அங்கே எல்லாமே பச்சை. ஒருவர் பச்சை எலுமிச்சைச் சாறு விற்கிறார். பிள்ளைகள் அதைப் பச்சைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்கள். ஒரே ஒரு வரிதான். அந்த வரியை அப்படியே பலகையில் எழுதிவிட்டு, உள்நாட்டுப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு அச்சடித்த பச்சை நோட்டுகளுக்குப் போவேன். உலோகத்தின் ஆதரவு இல்லாமல், அரசின் வாக்கை மட்டும் நம்பி ஓடிய பணம் அது. பாடம் தானாக நகரும்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு பிற்பகலில், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மாணவி எழுந்தாள். அதிகம் பேசாத பெண். “மேடம், இதெல்லாம் அவரே சொல்லியிருக்காரா, இல்ல நாமளா சொல்றமா?” என்று கேட்டாள். அவள் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. தேர்வில் எழுதும்போது ‘ஆசிரியர் கூறுகிறார்’ என்று எழுதுவதா, ‘எனக் கருதப்படுகிறது’ என்று எழுதுவதா என்பதுதான் அவளுடைய கவலை. நான் வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. 18 வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதில்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. “பார்த்துட்டு வந்து சொல்றேம்மா” என்றேன்.

உள்ளுறையா, உரையா

பார்த்தேன். முதுகலையில் நான் படித்த பாடநூலில் இந்தச் செய்தி ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதற்குமேல் நான் தேடியதே இல்லை. இந்த முறை தேடிக்கொண்டு போனபோது எல்லா வழியும் ஓர் இடத்தில் போய் முடிந்தது. 1964ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் குவார்ட்டர்லி’ என்ற ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர் ஹென்றி லிட்டில்ஃபீல்டு. நியூயார்க் மாநிலத்தில் மவுன்ட் வெர்னன் என்ற ஊரில் பள்ளி வரலாற்று ஆசிரியர். 1890களின் பணச் சண்டையை மாணவர்களின் தலையில் ஏற்றுவது எப்படி என்று தவித்த ஒரு வாத்தியார். புத்தகம் வந்து 64 வருடம் கழித்து, பாம் இறந்து 45 வருடம் கழித்து, இந்தப் பொருத்தங்களையெல்லாம் ஒன்றுசேர்த்து எழுதியவர் அவர்.

அவர் ஏமாற்றவில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையின் முடிவிலேயே, இந்த ஒப்புமைகள் அனுமானம்தான் என்று ஒத்துக்கொள்கிறார். ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்குச் சீராகப் பொருந்துகின்றன என்றும், எந்த மாணவரையும் எட்டக்கூடிய ஒரு கற்பிக்கும் வழி ஆசிரியர்களுக்கு இதில் கிடைக்கிறது என்றும் சொல்கிறார். கற்பிக்கும் வழி! நான் எதற்காக அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேனோ அதே காரணத்துக்காகத்தான் அவர் அதைச் செய்திருக்கிறார். பிறகு அது அவர் கையை விட்டுப் போய்விட்டது. 1990இல் ஹியூ ராக்காஃப் என்ற பொருளாதார அறிஞர் அதைப் பணவியல் உருவகமாக இன்னும் விரிவாக எழுதினார். பாடநூல்களில் ஏறியது. ஏறும்போது ‘அனுமானம்’ என்ற சொல் உதிர்ந்தது, லிட்டில்ஃபீல்டின் பெயரும் பல இடங்களில் உதிர்ந்தது. மிஞ்சியது, ‘பாம் இந்தக் கதைக்குள் தன் அரசியலை ஒளித்துவைத்தார்’ என்ற ஒற்றை வரி. 1992இல் லிட்டில்ஃபீல்டே நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் எழுதினார்: பாம் அந்தக் கால மக்கள் கட்சியின், அதாவது வெள்ளி நாணயம் கேட்ட விவசாயிகள் கட்சியின், கொள்கையை ஆதரித்தவர் என்று கொள்வதற்கு உண்மையில் ஆதாரம் இல்லை என்று. ஆதாரம் இருப்பதும் எதிர்த் திசையில்தான். 1896 தேர்தலில் பிரையனை எதிர்த்து நின்றவர் மெக்கின்லி, தங்கத்தின் வேட்பாளர். அவரை ஆதரித்துப் பாம் ஒரு பாட்டு எழுதிச் சிகாகோ பத்திரிகையில் வெளியிட்டிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு அன்று மாலை ஆசிரியர் அறையில் தமிழ்த் துறை அக்காவிடம் புலம்பினேன். 18 வருடம் பொய் சொல்லிக் கொடுத்துவிட்டேனே என்றேன். அவர் விடைத்தாள் கட்டை நகர்த்திவைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: “ஏம்மா, பொய்னு ஏன் சொல்ற? உள்ளுறைன்னு சொல்லிக் கொடுத்திருக்க. அது உரை. அவ்வளவுதான்.”

அவர் விளக்கியதை என் சொல்லில் தருகிறேன். அகப்பாட்டில் ஓர் எருமை வருகிறது. கட்டை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டு, குளத்தில் இறங்கித் தாமரையை மேய்கிறது. பாட்டைக் கேட்கிறவர்களுக்கு அது வெறும் எருமை இல்லை, வீட்டை விட்டுப் பரத்தையிடம் போய்வந்த தலைவன் என்று தெரியும். ஏன் தெரியும்? பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே ஓர் உடன்பாடு இருந்தது. திணை இது, கருப்பொருள் இது, இதை இப்படி வைத்தால் இன்னது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட இலக்கணம் இருந்தது. கவிஞர் வைத்தார், கேட்டவர் எடுத்தார். அதுதான் உள்ளுறை. உரை வேறு. பல நூற்றாண்டு கழித்து ஒருவர் குறளை எடுத்து, தன் காலமும் தன் சமயமும் தன் படிப்பும் சேர்த்துப் பொருள் சொல்கிறார். அதை நாம் பரிமேலழகர் உரை என்கிறோம். வள்ளுவர் சொன்னார் என்று ஒரு தட்டில், பரிமேலழகர் சொன்னார் என்று இன்னொரு தட்டில். அவரோடு சண்டை போடுகிறவர்களும் அவர் பெயரைச் சொல்லித்தான் சண்டை போடுகிறார்கள்.

அக்கா இன்னொன்றும் சொன்னார், அது இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. குறுந்தொகையில் செம்மண்ணில் விழுந்த மழைநீரை உவமையாகச் சொன்ன கவிஞரின் பெயர் நமக்குத் தெரியாது. அந்த உவமையையே அவருக்குப் பெயராக வைத்துச் செம்புலப்பெயனீரார் என்று கூப்பிடுகிறோம். ஆள் மறைந்தும் உவமை அவரைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. “உன் வாத்தியாருக்கு நேர்மாறா நடந்திருக்கு பாரு. உவமை ஊரெல்லாம் ஓடிக்கிட்டிருக்கு, ஆளைக் கழட்டி விட்டுட்டாங்க.”

நம்மூர் வெள்ளி

அதற்காக அந்த உரை உதவாத உரை என்று நான் சொல்ல மாட்டேன். 1873இல் அமெரிக்கா வெள்ளி டாலரை நாணயச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அதற்குப்பின் பொருள்களின் விலை இறங்கிக்கொண்டே போனது. நுகர்வோருக்கு அது நல்ல செய்தி மாதிரித் தெரியும். கடன் வாங்கி உழுதவருக்கு அது குரல்வளையில் கை. கடன் டாலரில் அப்படியே நிற்கும், கோதுமை விலை இறங்கும். அதே தவணையைக் கட்ட வருடத்துக்கு வருடம் அதிக மூட்டை விற்க வேண்டும். பணவாட்டம் என்று நாம் பாடத்தில் ஒரே சொல்லில் கடக்கிற விஷயம் இதுதான். 16 பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்ற விகிதத்தில் வெள்ளியைத் தடையில்லாமல் நாணயமாக்கு என்ற கோரிக்கை அந்தக் கழுத்திலிருந்துதான் வந்தது. 1896 ஜூலையில் சிகாகோவில் பிரையன் முழங்கியது அதற்காகத்தான். தங்கச் சிலுவையில் மனித குலத்தை அறையாதீர்கள் என்று அவர் சொன்னபோது அரங்கமே எழுந்து நின்றது.

இந்தக் கதையில் நம்மூர் வெள்ளிக்கும் ஒரு பங்கு உண்டு, அதை எந்தப் பாடநூலும் டோரத்தியோடு சேர்த்துச் சொல்வதில்லை. 1893 ஜூன் 26 வரை, கல்கத்தாவிலோ பம்பாயிலோ உள்ள நாணயச்சாலைக்கு யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். உலகத்து வெள்ளியைப் பெரிய அளவில் விழுங்கிக்கொண்டிருந்த வாசல் அது. அன்றைக்குப் பிரிட்டிஷ் இந்திய அரசு அந்த வாசலை மூடியது. சில நாட்களிலேயே வெள்ளி விலை சரிந்தது. அமெரிக்காவில் ஏற்கனவே வங்கிகள் ஆடிக்கொண்டிருந்த வருடம் அது. அந்த வருடம் முடிவதற்குள் அமெரிக்க அரசும் வெள்ளி வாங்குவதை நிறுத்தியது. பம்பாயில் மூடிய கதவின் சத்தம் கொலராடோ வெள்ளிச் சுரங்கத்தில் கேட்டது. கான்சாஸில் நடந்த சண்டையைத் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதற்கு இதைவிட நேரடியான காரணம் வேண்டியதில்லை. லிட்டில்ஃபீல்டின் உரை இல்லையென்றால் இந்த இடத்துக்கு நான் வந்தே இருக்க மாட்டேன்.

அவரே சொன்னது

ஆனால் அந்தப் பெண் கேட்டது, அவரே சொன்னாரா என்று. அவரே சொன்னது என்ன என்று தேடத் தொடங்கியதும் வேறொரு வாசல் திறந்தது. அது திறக்காமலே இருந்திருக்கலாம் என்று முதல் வாரத்தில் பலமுறை நினைத்தேன்.

பாம் 1888இல் இன்றைய தெற்கு டகோட்டாவில் உள்ள அபர்டீன் ஊருக்குப் போய் ஒரு கடை வைத்தார். பொம்மை, கண்ணாடிச் சாமான், அலங்காரப் பொருள். மழை பொய்த்தது, விளைச்சல் போனது, கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் திரும்பவில்லை. கடை நொடித்தது. 1890இல் ஊர்ப் பத்திரிகை ஒன்றை எடுத்து நடத்தினார். அந்த டிசம்பர் 15ஆம் தேதி லகோட்டா மக்களின் தலைவர் சிட்டிங் புல் சுட்டுக் கொல்லப்பட்டார். 20ஆம் தேதி பாமின் பத்திரிகையில் ஒரு தலையங்கம் வந்தது. வெள்ளையர்தான் இந்தக் கண்டத்தின் எசமானர்கள், மிச்சமிருக்கிற செவ்விந்தியரையும் முற்றாக அழித்துவிட்டால்தான் எல்லைப்புறக் குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு என்று. 29ஆம் தேதி வூண்டட் நீ ஓடைக்கரையில் ராணுவம் பெண்களும் குழந்தைகளும் உட்பட லகோட்டா மக்கள் 150 பேருக்குக் குறையாமல் கொன்றது. ஜனவரி 3ஆம் தேதி மறுபடியும் ஒரு தலையங்கம். மனம் மாறவில்லை. அதையே திரும்பச் சொன்னது.

அவருடைய மாமியார் மெட்டில்டா ஜோஸ்லின் கேஜ், பெண்களின் வாக்குரிமைக்காக வாழ்நாளெல்லாம் போராடியவர். 1893இல் மோஹாக் மக்கள் அவரைத் தங்கள் ஓநாய்க் குலத்தில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே குடும்பம். பாமின் வழிவந்தவர்கள் 2006இல், லகோட்டாக்களை உள்ளடக்கிய சூ மக்களிடம் அந்தத் தலையங்கங்களுக்காக மன்னிப்புக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி.

இதைத் தெரிந்துகொண்டபின் பறக்கும் குரங்குகள் வரும் அத்தியாயத்துக்குப் போனேன். தங்கக் குல்லாய் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் சொல்லும் மூன்று கட்டளையை அந்தக் குரங்குகள் நிறைவேற்றியாக வேண்டும். குரங்குகளின் அரசன் டோரத்தியிடம் சொல்கிறான்: ஒரு காலத்தில் நாங்கள் சுதந்திரமாக இருந்தோம், பெருங்காட்டில் மரத்துக்கு மரம் பறந்து, பழமும் கொட்டையும் தின்று, யாரையும் எசமான் என்று கூப்பிடாமல். லிட்டில்ஃபீல்டு இந்த இடத்தில்தான் பறக்கும் குரங்குகளைச் சமவெளிச் செவ்விந்தியரின் பிரதிநிதிகளாக வாசித்தார். நான் அந்த வரியை வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுவேன், பணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதால். கதையின் முடிவில் நல்ல சூனியக்காரி கிளிண்டா குல்லாயை மூன்று முறை பயன்படுத்திவிட்டு, இனி நீங்கள் யாருக்கும் அடிமை இல்லை என்று அதைக் குரங்குகளிடமே கொடுத்துவிடுகிறாள்.

தலையங்கம் எழுதிய அதே கை பத்து வருடம் கழித்து இதையும் எழுதியிருக்கிறது. அவர் மனம் வருந்தி எழுதினார் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அப்படிச் சொன்னால் கதை அழகாக முடியும், வகுப்பு நெகிழும். ஆனால் அதுவும் என் உரைதான். எங்கேயும் அவர் அப்படிச் சொல்லவில்லை. தலையங்கம் அவர் சொன்னது, நாளும் தேதியும் போட்டு அச்சில் இருக்கிறது. ஒளித்துவைத்த வெள்ளியைத் தேடி ஊரே அந்தக் கதைக்குள் தோண்டிக்கொண்டிருக்க, ஒளிக்காமல் வைத்தது பத்திரிகைக் கோப்பில் பல காலம் யார் கண்ணையும் உறுத்தாமல் கிடந்திருக்கிறது.

முதல் பக்கம்

அதன்பிறகுதான் புத்தகத்தை உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். எதையும் தேடாமல். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

சாம்பல் நிறம். டோரத்தி வாசலில் நின்று பார்க்கிறாள், நாலு பக்கமும் சாம்பல் நிறச் சமவெளி. உழுத நிலத்தை வெயில் சுட்டு வெடிக்க வைத்துவிட்டது. புல்லும் பச்சை இல்லை, நுனி கருகிச் சுற்றிலும் இருக்கும் அதே நிறம். வீட்டுக்கு ஒருமுறை சாயம் பூசினார்கள், வெயிலில் கொப்புளித்து மழையில் கரைந்து வீடும் அதே நிறம். டோரத்தியை வளர்க்கும் சித்தியின் பெயர் எம். எம் சித்தி இளம்பெண்ணாக அங்கே வாழவந்தவள், அழகானவள். வெயிலும் காற்றும் அவள் கண்ணிலிருந்த ஒளியை எடுத்துக்கொண்டன, கன்னத்திலிருந்தும் உதட்டிலிருந்தும் சிவப்பை எடுத்துக்கொண்டன. ஒல்லியாக, வற்றிப்போய், சிரிப்பே இல்லாமல் இருக்கிறாள். பெற்றோர் இல்லாத டோரத்தி முதன்முதலில் அந்த வீட்டுக்கு வந்தபோது, குழந்தையின் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எம் சித்தி அலறி நெஞ்சில் கையை வைத்துக்கொள்வாளாம். சிரிக்கிறதுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அந்தப் பிள்ளையை வியப்போடு பார்ப்பாளாம்.

18 வருடத்தில் இந்தப் பக்கத்தை ஒருமுறைகூட நான் வகுப்பில் வாசித்ததில்லை. இதில் சாவி போட்டுத் திறக்க எதுவும் இல்லை, அதனால் வாசிக்கவில்லை. பாம் வறட்சியில் கடை நொடித்த மனிதர். சமவெளிக் குடும்பங்களின் முகத்தைக் கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர். 1890களில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று மாணவிகளுக்குச் சொல்ல வேண்டுமானால் அது இங்கே, முதல் பக்கத்தில், ஒரு பெண்ணின் உதட்டில் இருக்கிறது. நான் அந்தப் பெண்ணைத் தாண்டிக் குதித்து, செருப்பு என்ன உலோகம் என்று பார்க்க ஓடியிருக்கிறேன். என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் முகம் அன்று நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் மழை இல்லாமல் போனபோது அவரும் சத்தமாகச் சிரிப்பவர்களைப் பார்த்துத் திடுக்கிடுவார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுபடியும் பச்சைக்கு வருகிறேன். மரகத நகரத்து வாசல் காவலர் உள்ளே நுழைகிற ஒவ்வொருவருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டி, பின்னந்தலையில் பட்டையைச் சேர்த்துப் பூட்டி, சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் வைத்துக்கொள்வார். நாய்க்கும் ஒரு கண்ணாடி. நகரத்தின் பிரகாசம் கண்ணைக் குருடாக்கிவிடும் என்று காரணம் சொல்வார். படத்தில் இந்தக் கண்ணாடி கிடையாது, அதனால் பலருக்கு இது தெரியாது. உள்ளே டோரத்திக்குப் பச்சைப் பட்டு உடை கொடுக்கிறார்கள், டோட்டோவின் கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டுகிறார்கள். மேற்குச் சூனியக்காரியைத் தேடி நகரை விட்டு வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடக்கும்போது டோரத்தி குனிந்து பார்க்கிறாள். உடை சுத்த வெள்ளை. நாயின் ரிப்பனும் வெள்ளை. பாம் இதற்கு ஒரு விளக்கமும் தருவதில்லை, டோரத்தி கொஞ்சம் ஆச்சரியப்படுவதோடு சரி, நடந்துகொண்டே இருக்கிறார்கள். பல அத்தியாயம் கழித்துத்தான் மாயாவி வாயைத் திறக்கிறார். ஓமாஹாவில் பிறந்து, பலூனில் பறந்து தவறி வந்து விழுந்த சாதாரண மனிதர் அவர். கண்ணாடியை நான்தான் போடச் சொன்னேன், வருடக்கணக்கில் போட்டுப் போட்டு ஊர் உண்மையிலேயே மரகதம்தான் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள் என்கிறார்.

இந்த வருடம் அதே பாடம், அதே பிற்பகல் வேளை. முதலில் முதல் பக்கத்தைத் தமிழில் சொல்லி வாசித்தேன். எம் சித்தி வந்த இடத்தில் வகுப்பு அசையவில்லை. பிறகு பலகையில் ஹென்றி லிட்டில்ஃபீல்டு, 1964 என்று எழுதினேன். ஒரு வாத்தியார் தன் பிள்ளைகளுக்காகச் செய்த உரை இது, நல்ல உரை, எழுதியவரின் பெயரோடு படியுங்கள் என்று சொல்லி வெள்ளிச் செருப்பையும் மஞ்சள் சாலையையும் விளக்கினேன். பம்பாய் நாணயச்சாலையைச் சொன்னேன். அபர்டீன் தலையங்கத்தையும் சொன்னேன், தேதியோடு. இரண்டு பேர் அதைக் கேட்டுவிட்டு இனி இந்தக் கதையைப் படிக்க மாட்டோம் என்றார்கள். அது அவர்கள் முடிவு, நான் மறுக்கவில்லை. தேர்வில் எப்படி எழுதுவது என்று ஒருத்தி கேட்டாள். லிட்டில்ஃபீல்டு வாசிக்கிறார் என்று எழுது என்றேன்.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பச்சைக் காசையும், வெள்ளையாகிப்போன ரிப்பனையும் சொல்லி முடித்தேன். ஜன்னலோரம் இருந்த பெண் கையைத் தூக்கினாள்.

“மேடம், அப்ப எலுமிச்சைச் சாறு வித்தவர் அந்தக் காசை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வெளியே போனார்னா, அது என்ன காசா இருக்கும்? அங்க யாராவது வாங்குவாங்களா?”

உடைக்கு நிறம் மட்டும்தானே போச்சு, உடையாத்தானே இருந்தது என்றாள் ஒருத்தி. காசுக்கு நிறம் போனா அது காசா என்றாள் இன்னொருத்தி. உள்ளே எல்லாருக்கும் கண்ணாடி இருக்கிறவரை செல்லும் என்றது ஒரு குரல், சாவி வைத்திருக்கிற காவலர் செத்துப்போனா என்றது பின்னால் இருந்து ஒன்று. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு முதல் பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.